பல்லிக் கட்டுரைக்கு ஒரு மேற்கோள்

1998ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. பெங்களூரில் காலை முதல் வானம் மூடிக் கிடந்தது. ஒன்பது மணிக்குத் தொடங்கிய தூறல், குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று மல்லேஸ்வரத்து மக்களை ஐயத்தில் நிறுத்தியிருந்தது. காற்று குளிர்ந்தே வீசிற்று. ஆயினும் அங்குள்ள நரம்பியல் ஆய்வு நிறுவனமொன்றில் நூலக உதவியாளராகிய உத்தமனுக்கு நெற்றி, கழுத்து, உள்ளங்கை ஆகிய மூன்று இடங்களிலும் வியர்த்திருந்தது. அவர் கையில் இருந்த தொலைநகலே அதற்குக் காரணம்.

தொலைநகல் தில்லியிலிருந்து வந்திருந்தது. அனுப்பியவர், பதவி உயர்வுக் குழுவின் தலைவர் பேராசிரியர் தேசிகன். முனைவர் தமயந்தியின் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்கள் அட்டவணையில் நானூற்றுப் பதினேழு என்று காட்டப்பட்டுள்ளன. பின்னிணைப்பில் எண்ணிப் பார்த்தால் நானூற்றுப் பத்தே உள்ளன. விடுபட்ட ஏழின் விவரத்தையும் இவ்வேறுபாட்டுக்குப் பொறுப்பானவரின் பெயரையும் உடன் தெரிவிக்கவும். இவ்வளவுதான் வாசகம்.

உத்தமன் அதனை ஐந்து முறை படித்தார். ஐந்து முறையும் 'பொறுப்பானவரின் பெயர்' என்ற இடத்தில் கண் நின்றது.

ஓர் ஆய்வாளரின் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தத்தம் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டியுள்ளனர் என்பதே மேற்கோள் எண்ணிக்கை எனப்படும். அறிவியலாளரைத் தராசில் நிறுத்தும் எடைக்கல் அது. தமயந்தி அந்நிறுவனத்தில் எலிகளின் அச்சத்தை ஆராய்பவர். மணியோசை கேட்ட எலி எத்தனை விநாடி அசையாது நிற்கிறதோ, அத்தனை விநாடி அதன் அச்சம். இம்முறையில் அவர் முப்பத்தொரு கட்டுரைகள் எழுதியிருந்தார். அவருக்குப் பேராசிரியர் பதவி வழங்கலாமா என்று ஆராயும் தேசிகனின் குழு, மேற்கோள் கணக்கைக் கேட்டது. கணக்கெடுக்கும் பணி உத்தமனுக்கு வந்தது.

மூன்று மாத காலம், தலையணை போன்ற மேற்கோள் அடைவுகளைப் புரட்டி, உருப்பெருக்கியின் துணையால் பொடி எழுத்துகளைப் படித்து, உத்தமன் ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை. பிழை, தட்டச்சு செய்த பிற்பகலில் நேர்ந்தது.

உத்தமன் குடியாத்தத்துக்காரர். அவருடைய வீட்டில் நல்ல காரியத்துக்கு எதைக் கொடுத்தாலும் சுழியில் முடிக்க மாட்டார்கள். கலியாணத்துக்கு மொய் வைத்தால் நூற்றொன்று. வரிசைத் தட்டில் மாம்பழம் வைத்தால் பதினொன்று. மேடத்தின் பதவி உயர்வு நல்ல காரியம். ஆகவே அட்டவணையில் எங்கெங்கு எண் சுழியில் முடிந்ததோ, அங்கெல்லாம் அவர் விரல் தானாக ஒன்றைக் கூட்டிற்று. அறுபது அறுபத்தொன்றாயிற்று. நாற்பது நாற்பத்தொன்றாயிற்று. இவ்வாறு ஆறு கட்டுரைகள்.

ஏழாவது, 1989இல் தமயந்தி எழுதிய முதற் கட்டுரை. வீட்டுப் பல்லியின் அச்சத்தைப் பற்றியது. ஒன்பது ஆண்டுகளில் உலகில் ஒருவரும் அதனை எடுத்துக்காட்டவில்லை. வெறும் சுழி. ஒரு மனுஷியின் முதற் கட்டுரைக்கு எதிரே அச்சுழி வாய் பிளந்து நிற்பதைக் காண உத்தமனுக்கு மனம் பொறுக்கவில்லை. அதற்கும் ஒன்று போட்டார்.

அட்டவணையில் தமயந்தியும் இயக்குநரும் கையொப்பமிட்டுத் தில்லிக்கு அனுப்பிவிட்டனர்.

இப்போது அஞ்சத்தக்கது யாதெனில், உத்தமன் பதினோர் ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர். தமயந்தி பரிந்துரைத்ததன் பயனாக அவரைப் பணிநிரந்தரம் செய்யும் ஆணை தட்டச்சாகி, இயக்குநரின் மேசையில் ஒரு கையொப்பத்துக்காகக் காத்திருந்தது. பொய்க் கணக்கு எழுதியவர் இவர் என்று ஒரு சொல் தில்லியிலிருந்து வந்தால், அந்த ஆணை கிழிபடும். அவரும் வெளியேற வேண்டும். நாற்பத்திரண்டு வயதில், மேற்கோள் எண்ணத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது?

பத்தரை மணிக்குத் தமயந்தி நூலகத்துக்குள் வந்தார்.

"உத்தமன், அந்த ஏழு எங்கே?"

உத்தமன் அசையாது நின்றார். தமயந்தி பழக்கத்தினால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினான்கு விநாடிகள்.

"பின்னிணைப்புல கடைசிப் பக்கம் விட்டுப்போச்சு மேடம்."

"அப்போ இன்னிக்கே அனுப்பிடுங்க. தேசிகன் சாரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஒருத்தர் ஒரே மேற்கோளை ரெண்டு தடவை எண்ணிட்டார். அவ்வளவுதான் பண்ணின தப்பு. இப்ப அவர் மாமனாரோட மரக்கடையில ரசீது எழுதறார்."

உத்தமன் மூன்று முறை வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்ல அது போதுமான அவகாசமே. ஆனால் மூன்று முறையும் மரக்கடை கண்முன் தோன்றிற்று. மரத்தூளின் வாசனைகூட வந்தது. தமயந்தி போய்விட்டார்.

ஆகவே மீதியிருந்த வழி ஒன்றே. இல்லாத ஏழு மேற்கோள்களை உண்டாக்க வேண்டும்.

இதழுக்குப் பஞ்சமில்லை. மத்திய ஐரோப்பிய விலங்கு நடத்தைக் காலாண்டிதழ் என்று ஒன்றை அவரே தொடங்கினார். இந்தியாவில் எந்த நூலகத்துக்கும் அது வராது என்பதில் அவருக்கு முழு நம்பிக்கை இருந்தது. இடர்ப்பாடு ஆசிரியர் பெயரில்தான். ஐரோப்பியர் பெயராக ஏழு கட்டுரைகளுக்கு வேண்டும். அவருக்குத் தெரிந்த ஐரோப்பியர் எவருமிலர். அரைமணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, ஆங்கிலோ இந்தியர்கள் நிறைந்த, தாம் குடியிருக்கும் லிங்கராஜபுரத்துத் தெரு அவர் நினைவுக்கு வந்தது.

ஸ்கூட்டர் பழுது பார்க்கும் சில்வெஸ்டர் இரண்டு கட்டுரைகள் எழுதினார். பியானோ சொல்லித்தரும் நோரா இரண்டு. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற தியோடர், அத்தெருவிலேயே மூத்தவர், அவரும் இரண்டு. எஞ்சியது பல்லிக் கட்டுரை. அதனை உத்தமன், மரியாதை கருதி, தம் வீட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் அளித்தார். டிரேவர் மற்றும் பிரிஜெட், 1996, பக்கம் 41. வீட்டுக்காரர் டிரேவர் கல்யாணக் கோட்டு தைக்கும் தையற்காரர். பிரிஜெட் அவற்றுக்குக் காஜா எடுப்பவர்.

நான்கு மணிக்கு அப்பக்கம் தொலைநகலில் தில்லிக்குச் சென்றது. உத்தமன் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்நிம்மதி வியாழக்கிழமை காலை வரை நீடித்தது.

வியாழனன்று தமயந்தி அதே பக்கத்தின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் நடை வழக்கமான நடை அன்று. கண்கள் கலங்கியிருந்தன. தெரிந்துவிட்டது என்று உத்தமன் முடிவு செய்து, நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார்.

"பல்லிக் கட்டுரையை ஒருத்தர் எடுத்துக் காட்டியிருக்காரா?"

"ஆமா மேடம்."

"ஏன் என்கிட்ட சொல்லலை? ஒன்பது வருஷம் உத்தமன். எங்க வீட்டுக்காரர்கூட அதைப் படிச்சதில்லை. நான் கல்யாணம் ஆன புதுசுல, ராத்திரி சமையலறையில லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சு எழுதினது. நாத்தனார் எனக்குக் கிறுக்குன்னு நினைச்சா." அவர் தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். "இவருக்கு நான் கடிதம் எழுதணும். விலாசம் தேடிக் கொடுங்க."

உத்தமன் செய்யத்தக்கது, அவர் காலமாகிவிட்டார் என்று கூறுவதே. ஆனால் வாடகை வீட்டின் உரிமையாளரை அவ்வளவு எளிதாகக் காலமாக்க அவருக்கு மனம் வரவில்லை. தாமே எண்ணைத் தேடித் தொலைநகலில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பிற்பகலில் தமயந்தியின் கடிதம் உறையில் வந்து சேர்ந்தது. கனமாக இருந்தது. நான்கு தாள்.

அன்று மாலை ஆறரை மணிக்கு, லிங்கராஜபுரத்தில் கீழ்வீட்டு முன்னறையில், உறையைப் பிரித்த டிரேவர் கண்ணாடியை இருமுறை துடைத்துக்கொண்டு படித்தார். தையல் இயந்திரத்தின் மேல் ஒரு மாப்பிள்ளைக் கோட்டு, கையில்லாமல் கிடந்தது. உத்தமன் நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொல்லி முடித்திருந்தார். சொல்லும்போது இரண்டு முறை தண்ணீர் கேட்டார்.

பிரிஜெட்டுக்கு ஒரே ஒரு ஐயம்.

"அதென்ன, அவரு பேரு மொதல்ல, எம் பேரு பின்னால?"

"எழுதற வழக்கம் அப்படி அக்கா. முக்கியமான வேலை செஞ்சவர் பேரு முதல்ல வரும்."

"ஆராய்ச்சி எதப் பத்தி?"

"பல்லியோட பயம்."

"இந்த வீட்டுல பல்லியப் பாத்தா பயப்படறது யாரு? நானு. இவரு சும்மனே தூங்கினு இருப்பாரு. கஷ்டமெல்லாம் என்னுது, பேரு மட்டும் அவருதா?"

அச்சாகிவிட்டதை மாற்ற இயலாது என்றும், அடுத்த கட்டுரையில் பிரிஜெட் பெயரே முதலில் வரும் என்றும் உத்தமன் வாக்களித்தார். அடுத்த கட்டுரை எப்போது என்று பிரிஜெட் கேட்டார்.

டிரேவர் கடிதத்தின் நான்காம் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உத்தமா, எங்கூடப் பொறந்தவன் ஆஸ்திரேலியாவுல இருக்கான். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடுவான், அதுல அச்சடிச்சதுக்குக் கீழ கையெழுத்து மட்டும் இருக்கும். இந்தம்மா முன்னப்பின்ன தெரியாத எனக்கு நாலு பக்கம் எழுதியிருக்காங்க. பதில் போடலைன்னா பாவம்பா."

பதில் போட வேண்டும் என்பதில் உத்தமனுக்கும் மறுப்பில்லை. பதில் வராவிட்டால் தமயந்தி மறுபடி எழுதுவார். மூன்று வாக்கியம் போதும் என்று அவர் வரையறுத்தார். கடிதம் கிடைத்தது, நன்றி, வேலை மிகுதி. டிரேவர் மாதா கோவில் பாடகர் குழுவில் முப்பது ஆண்டு ஆங்கிலம் பாடியவர். அழகாகவே எழுதுவார். நம்பி விட்டுவிட்டு உத்தமன் மாடிக்குச் சென்றார்.

சனிக்கிழமை டிரேவர் கொடுத்தது இரண்டு பக்கம். தங்கள் வீட்டுக் கடிகாரத்தின் பின்னால் வாழும் பல்லியை நெடுங்காலமாகக் கவனித்து வருவதாகவும், விளக்குமாற்றைக் கண்டால் அது அசையாமல் நிற்பது உண்மையே எனினும், அது அச்சத்தால் நிற்பதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும், நாம் அஞ்சி விளக்கை அணைத்துவிட்டுப் போவதற்காகவே அது காத்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார். இறுதியில், பிரிஜெட்டின் முழங்கால் வலிக்காகப் பிரார்த்திக்கும்படி கேட்டிருந்தார்.

பிரார்த்தனையை மட்டுமாவது எடுத்துவிடலாமே என்று உத்தமன் மன்றாடினார். முழங்கால் வலி உண்மை என்று டிரேவர் கூறிவிட்டார்.

வெளிநாட்டுத் தபால்தலைக்கு வழியில்லாமையால், உத்தமன் தெருமுனை டெலிபோன் கடையிலிருந்து அதனைத் தொலைநகலாக நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை காலை யாவருக்கும் முன்னதாக ஓடிச்சென்று இயந்திரத்திலிருந்து எடுத்தார். தாளின் தலைப்பில், அனுப்பிய இடத்தின் எண் பெங்களூர் எண்ணாக, கடையின் பெயரோடு தெளிவாக அச்சாகியிருந்தது. கத்தரிக்கோல் அகப்படவில்லை. மேற்பகுதியில் இரண்டு அங்குலத்தைக் கையாலேயே கிழித்தார். கிழித்தது கோணலாக வந்தது.

தமயந்தி அதனை நின்றபடியே படித்தார். பின்னர் உட்கார்ந்து படித்தார்.

"பயத்தால நிக்கலை, நாம பயந்து போறதுக்காக நிக்குது." தாளைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷமா இதை நான் யோசிக்கவே இல்லையே உத்தமன். எலிக்கும் அப்படித்தானோ? நாம அளந்தது அதோட பொறுமையோ?"

அப்போது தமயந்தியின் பார்வை தாளின் விளிம்புக்குச் சென்றது.

"மேல ஏன் இப்படி இருக்கு?"

"எலி கடிச்சிடுச்சு மேடம்."

பிற அலுவலகங்களில் இவ்விடை போதுமானது. எலிகளை எண்ணிக் கூண்டிலிட்டு வளர்க்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இதனைக் காட்டிலும் கொடிய விடை இருக்க முடியாது. தமயந்தியின் முகம் மாறிற்று. பதினைந்து நிமிடத்தில் விலங்கறையின் கதவுகள் அடைக்கப்பட்டன. நூற்று இருபது எலிகளும் மும்முறை எண்ணப்பட்டன. ஒன்றும் குறையவில்லை. அவ்வாறாயின் வெளியிலிருந்து நோயுள்ள எலி உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சோதனைகள் நிறுத்தப்பட்டன. நூலகத்தின் எல்லா மூலைகளிலும் பொறிகள் வைக்கப்பட்டன. இயக்குநரே நேரில் வந்து, எலியை முதலில் கண்டவர் என்ற முறையில் உத்தமனிடம் அதன் நிறம், பருமன், வால் நீளம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு பொய்யில் தொடங்கிய மனிதர், பிற்பகலுக்குள் இல்லாத எலியின் வாலுக்கு அளவு சொல்லும் நிலைக்கு வந்திருந்தார்.

ஆயினும் அதனினும் பெரிய இடி மாலையில் விழுந்தது. டிரேவரின் கடிதம் எங்கே என்று உத்தமன் தயங்கித் தயங்கிக் கேட்டார். எடுத்துப் பத்திரமாக எரித்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

தமயந்தி மகிழ்ச்சியுடன் சொன்னார். "ஃபைல்ல சேர்த்துத் தில்லிக்கு அனுப்பிட்டேன். வெளிநாட்டு விஞ்ஞானி ஒருத்தர் தானா முன்வந்து எழுதினா அதைவிட என்ன சாட்சி வேணும்?"

அன்று லிங்கராஜபுரம் செல்லும் பேருந்தில் உத்தமனுக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்காரத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே, தாம் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் சென்று இறங்கினார்.

புதன்கிழமை தில்லியிலிருந்து தொலைபேசி வந்தது. பேராசிரியர் தேசிகன் வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். ஏழு மேற்கோள்களையும் சரிபார்ப்பார். சிறப்பாக, டிரேவர்–பிரிஜெட் கட்டுரையைப் பற்றிப் பட்டியல் தயாரித்தவரிடம் பேச விரும்புகிறார். செய்தியை வாங்கிக்கொண்ட உத்தமன் பேசுங்கருவியைக் கீழே வைக்க மறந்து, ஒலி நின்ற பிறகும் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நிலைமை கேட்ட டிரேவர், தாமே நேரில் வந்துவிடுவதாகச் சொன்னார். நல்ல கோட்டு ஒன்று இருக்கிறது. வாடிக்கைக்காரர் அடுத்த வாரந்தான் வாங்கிப்போவார். ஆங்கிலமும் உண்டு. வியன்னாவிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"இவரு வாயத் தொறந்தா ரெண்டாவது வார்த்தையில லிங்கராஜபுரம் தெரிஞ்சிடும்," என்றார் பிரிஜெட். "போறதுன்னா நான் போறேன். ஆராய்ச்சி செஞ்சது நானு."

உத்தமன் இருவருக்கும் நன்றி கூறிவிட்டு மாடிக்குச் சென்று, விலகல் கடிதம் எழுதினார். அட்டவணையில் நேர்ந்த பிழைக்குத் தாம் ஒருவரே பொறுப்பு என்றும், முனைவர் தமயந்தி ஏதும் அறியார் என்றும் அதில் இருந்தது. நான்கு வரிக்கு ஆறு தாள் கிழிபட்டது. ஏழாவது தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பேராசிரியர் தேசிகன் நூலகத்துக்குள் நுழைந்தார். குள்ளமானவர், மெலிந்தவர், கழுத்துவரை பொத்தானிட்ட கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். குரல் மிகத் தாழ்ந்தது. அவர் பேசும்போது யாவரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது; குனிந்தவர்கள் பிறகு நிமிரவே அஞ்சினர்.

அவர் நடு மேசையில் அமர்ந்தார். எதிரே தமயந்தி. பக்கத்தில் நின்றவாறு உத்தமன். தேசிகன் கோப்பைத் திறந்தார். மேலாகவே இருந்தது டிரேவரின் கடிதம், தலை கிழிந்த கோலத்தில்.

முதல் ஆறு பதிவுகளையும் அவர் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தார். ஒவ்வொன்றின் எதிரிலும் சிவப்புப் பென்சிலால் ஏதோ ஒரு குறி இட்டார். அது சரி என்னும் குறியா, தவறு என்னும் குறியா என்று நின்ற இடத்திலிருந்து உத்தமனுக்குத் தெரியவில்லை. இரண்டு முறை எட்டிப் பார்த்தார். இரண்டாம் முறை தேசிகன் தலை நிமிர்ந்தார். அதன் பிறகு உத்தமன் எட்டிப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த எலிப்பொறி ஒன்று தானாக அடித்துக்கொண்டது. அந்த ஒலிக்கு உத்தமன் ஒருவர் மட்டுமே அதிர்ந்தார்.

மணி நான்கைத் தாண்டிற்று. தேசிகனின் விரல் ஏழாவது பதிவுக்கு வந்து நின்றது. விரல் நகரவில்லை.

"இந்தக் காலாண்டிதழ் இங்கே வரதா?"

"வந்துக்கிட்டிருந்தது சார். தொண்ணூத்திமூணோட நிறுத்திட்டோம்."

"கட்டுரை தொண்ணூத்தாறு."

"ஆமா சார்."

"நின்னுபோன இதழ்ல இருக்கற மேற்கோளை எப்படி எண்ணினேள்?"

உத்தமனின் உடலில் எந்தப் பகுதியும் அசையவில்லை. தமயந்தியின் கை, தன்னை அறியாமலே கடிகாரத்தின் பக்கம் திரும்பிற்று; ஆனால் இம்முறை அவர் விநாடிகளைப் பார்க்கவில்லை. உத்தமனின் முகத்தைப் பார்த்தார். அம்முகத்தில் கண்டது என்னவென்று அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்ததுபோலும். அவர் முகமும் வெளிறிற்று.

தேசிகன் கோப்பை மூடினார்.

"மேடம், நீங்க கொஞ்சம் வெளியில இருங்கோ. இவரோட நான் தனியாப் பேசணும்."

தமயந்தி எழுந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தாழ்வாரத்தில், தூறலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டார்.

"கதவைச் சாத்துங்கோ."

உத்தமன் சாத்தினார். மேசைக்குத் திரும்பி வருவதற்கு எட்டு அடி. எட்டாவது அடியில் அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டு, மடித்த தாளைப் பாதி வெளியே எடுத்திருந்தார். பதினோர் ஆண்டு முடிகிறது என்று நினைத்தார். மேடத்தின் மேல் மட்டும் பழி விழக்கூடாது என்று நினைத்தார். பேச வாயைத் திறந்தார்.

தேசிகன் கையை உயர்த்தித் தடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கதவைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், புத்தக அலமாரிகளுக்கு இடையில் யாரேனும் உளரா என்று சாய்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியை உத்தமனின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்னினும் தாழ்ந்த குரலில், ஜூலை இருபத்துநான்காம் நாள் மாலை மணி நான்கு பதினேழுக்கு, பேராசிரியர் தேசிகன் கூறினார்:

"டிரேவர், பிரிஜெட் கட்டுரையை அது வெளிவந்தப்பவே நான் படிச்சுட்டேன், அதுல உங்க மேடத்தை ஒரே ஒரு தடவைதான் எடுத்துக் காட்டியிருக்கா, என்னை நாலு தடவை, அந்த நாலையும் பக்க எண்ணோட டைப் பண்ணி என் கையில குடுத்துடுங்கோ."